பதினான்கு படிகளும் பதினொரு தலையணைகளும்

எங்கள் வீட்டை விற்ற கதை, சிட்னியின் மேற்குப் புறத்தில் வாழும் நம்மவர் நடுவே குறைந்தது நான்கு வடிவங்களில் உலவுகிறது. அவற்றுள் ஒன்றில், என் சொந்த வீட்டையே நான் விலைக்குப் பார்க்கப் போனதாக வருகிறது. இன்னொன்றில், என் படுக்கையின்மேல் வைன் கிண்ணங்கள் இருந்ததாக வருகிறது. இரண்டிலும் சிறிதளவு உண்மை கலந்திருப்பதனாலேயே முழு உண்மையையும் எழுதிவைக்க வேண்டியவனாகிறேன்.

பென்டில் ஹில்லில் நாங்கள் இருபத்தாறு ஆண்டுகள் குடியிருந்த அந்த வீடு மேல்மாடி உள்ளது. படுக்கையறைகள் யாவும் மேலே. கீழிருந்து மேலே செல்லப் பதினான்கு படிகள். மூன்று ஆண்டுகளுக்கு முன்பே என் முழங்கால்கள் இரண்டும் அந்தப் படிகளோடு ஒத்துழைக்க மறுத்துவிட்டன. ஏறுவதை ஒருவாறு சமாளிக்கலாம். கைத்தொலைபேசியைக் காதில் வைத்து, ஏதோ முக்கியமான செய்தியைக் கேட்பவன்போல நடுநடுவே நின்றால், பார்ப்பவர் எவரும் சந்தேகிக்கமாட்டார். இறங்குவதற்கு அத்தகைய உபாயம் எதுவும் இல்லை. மேற்படியில் உட்கார்ந்து, பின்புறத்தால் ஒவ்வொரு படியாக நகர்ந்துதான் இறங்குவேன். என் மனைவியைத் தவிர இதை ஒருவரும் அறியார்.

அறியக்கூடாது என்பதற்குக் காரணம் இருந்தது. கல்லூரி நாட்களில் உதைபந்தாட்ட அணியில் முன்வரிசையில் ஆடியவன் நான். இந்நகரத்துப் பழைய மாணவர் சங்கத்திற்கு ஆறு ஆண்டுகள் தலைவராக இருந்தவன். என்னை அறிந்தவர்கள் என் காலை வைத்தே என்னை அறிந்தவர்கள். ஆகவே, லிட்கமில் லிப்ட் உள்ள கட்டடமொன்றில் இரண்டு அறை வீடு வாங்கி ஒரே தளத்தில் வாழ்வதென்று முடிவுசெய்தபோது, மனைவியின் முழங்கால்கள் பழுதாகிவிட்டன என்று அனைவருக்கும் அறிவித்தேன். அதற்கு அவருடைய சம்மதம் கேட்கப்பட்டது என்று எழுத விரும்புகிறேன். கேட்கப்படவில்லை.

"என்ர முழங்காலுக்கு என்ன வந்தது? நேற்றும் கோயிலை ஒன்பது தரம் சுத்தினனான்," என்றார் அவர்.

"இனி மூன்று தரம் சுற்றினால் போதும்," என்றேன்.

செய்தி பரவிற்று. கோயிலில் பெண்கள் அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து நடத்தினார்கள். நான்கு வீடுகளிலிருந்து நான்கு போத்தல் தைலம் வந்தது. மெல்பேர்னில், நோபல் பார்க்கில் இருக்கும் மகள், அம்மாவுக்கென்று முழங்கால் உறைகள் இரண்டு அனுப்பினாள். அவை எனக்கு அளவாக இருந்தன.

விற்பனை முகவர் சென்னையிலிருந்து வந்த இளைஞர். கூர்மையான சப்பாத்தும், அதைவிடக் கூர்மையான பேச்சும் உடையவர். வரவேற்பறையின் நடுவே நின்று நாற்புறமும் பார்த்தார். சுவரில் எங்கள் திருமணப் படம், மகளின் பட்டமளிப்புப் படம், என் பட்டமளிப்புப் படம், சங்கம் எனக்கு அளித்த ஐந்து நினைவுப் பலகைகள்.

"அங்கிள், வாங்க வர்றவங்க உங்க வீட்டப் பாக்க வரல. அவங்க வீட்டப் பாக்க வர்றாங்க. அதனால நீங்க இங்க தெரியவே கூடாது."

"இருபத்தாறு வருடமாக நான் இங்கே இருக்கிறேன்."

"அதான் அங்கிள் பிரச்சினையே."

சமையலையும் அவர் தடைசெய்தார். தாளித வாசம் திரைச்சீலையில் மூன்று நாள் தங்குமாம். மனைவி அடுப்பைக் கராஜுக்கு மாற்றினார். கராஜையும் திறந்து காட்டவேண்டும் என்றதும் அங்கிருந்து பின்வளவுக்கு மாற்றினார். கறிவேப்பிலைச் செடிக்கு அருகில், குடையின்கீழ் நின்று, எங்கள் சாம்பாரை ஒரு களவுப் பொருளைப்போலக் காய்ச்சினார்.

அடுத்து, வீட்டை ஒப்பனை செய்யும் பெண்மணி ஒருவர் வந்தார். அகற்றவேண்டிய பொருள்கள் மீது மஞ்சள் நிறத்தில் சிறிய ஒட்டுத்தாள் ஒட்டிக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமல் அறை அறையாக நடந்தார். கதிரைகளுக்கு ஒட்டினார். புத்தக அலுமாரிக்கு ஒட்டினார். சாமி அலுமாரியின் முன் சற்று நின்று, இரண்டு ஒட்டினார். அவர் போன பிறகு மனைவி என் முதுகிலிருந்தும் ஒரு மஞ்சள் தாளை உரித்து எடுத்தார். நான் சாய்ந்திருந்த கதிரைக்கு உரியது அது என்றே இன்றளவும் நம்புகிறேன்.

மறுநாள் ஒரு லொறி வந்து எங்களுடையவற்றை ஏற்றிச் சென்றது. இன்னொரு லொறி எவருடையவும் அல்லாதவற்றை இறக்கிச் சென்றது. உட்கார்ந்தால் எழும்ப முடியாத வெள்ளைச் சோபா. குசினி மேடையில் ஒரு கிண்ணம் நிறையப் பிளாஸ்டிக் எலுமிச்சம்பழம். எங்கும் ஏறிச் செல்லாத மர ஏணி ஒன்று, சுவரில் சாய்ந்தபடி ஒரேயொரு துவாயைத் தாங்கி நின்றது. தொலைக்காட்சி கடதாசி அட்டையால் ஆனது. புத்தகங்களும் வந்தன. ஆனால், அவற்றின் பெயர்கள் கண்ணை உறுத்தும் என்று, முதுகுகளைச் சுவர்ப்பக்கம் திருப்பி அடுக்கினார்கள். கல்லூரிப் படிப்பு உள்ளவன் வீட்டில் புத்தகங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதைக் காண்பது எளிதன்று.

எங்கள் படுக்கையில் பதினொரு தலையணைகள் வைத்தார்கள். நாங்கள் இருவர். தலையணைகளுக்கு முன்னால் ஒரு தட்டும், அதில் இரண்டு வைன் கிண்ணங்களும் வைக்கப்பட்டன. வாழ்நாளில் ஒரு துளி தொடாதவன் நான். அவற்றை எடுத்து அலுமாரிக்குள் மறைத்தேன். சனிக்கிழமை காலையில் பெண்மணி வந்து அவற்றைத் தேடிக் கண்டுபிடித்து, துடைத்து, மறுபடியும் படுக்கையில் வைத்தார்.

வீடு பார்க்க விடுவது சனிக்கிழமை தோறும் அரை மணி நேரம். அந்த அரை மணியும் நாங்கள் வீட்டில் இருக்கக்கூடாது. எங்கள் தெய்வங்களும் இருக்கக்கூடாது. முதற் சனிக்கிழமை, சாமி அலுமாரியில் இருந்தவர்கள் அனைவரையும் காரில் ஏற்றினோம். வெண்கலப் பிள்ளையார் முன்னிருக்கையில் அமர்ந்தார். பாரம் மிகுந்தவர் ஆதலால், அவருக்குப் பெல்ட் போடும்வரை கார் மணியடித்துக்கொண்டே இருந்தது. பின்னிருக்கையில் மனைவி, மடியில் குத்துவிளக்கு, ஒருபக்கம் முருகன் படம், மறுபக்கம் சரஸ்வதி. பலசரக்குக் கடை வாசலில் நிறுத்தினால் அறிந்தவர்கள் காண்பார்கள் என்று, வீட்டுக்கு எதிரே உள்ள பூங்காவின் மரநிழலில் காரை நிறுத்தி, குனிந்திருந்தோம். அன்றைக்கு மூன்று குடும்பங்கள் வந்தன. ஒருவரும் மறுமுறை பேசவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை கதை வேறு.

இணையத்தில் போட்ட படங்கள் அதற்குள் நம்மவரிடையே கைமாறிவிட்டன போலும். நேரம் தொடங்கி ஐந்து நிமிடத்துக்குள் எங்கள் வாசலில் கார்கள் வரிசைகட்டின. இறங்கியவர்களைப் பார்த்தேன். சங்கத்துப் பொருளாளர் குடும்பத்தோடு வந்தார். கோயில் நிர்வாகத்தில் இருவர். என் மனைவியைக் கைத்தாங்கலாகப் பிடிக்கும் பெண்கள் அனைவரும். வீடு வாங்கும் எண்ணம் ஒருவருக்கும் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒன்றுக்கு இரண்டு வீடு ஏற்கெனவே உண்டு. நம் வழக்கப்படி எல்லோரும் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே சென்றார்கள். குவியல் வளர்ந்தது. பின்னால் வந்த மற்ற இனத்தவர்களும் குவியலைக் கண்டு, இதுதான் ஒழுங்கு என்றெண்ணித் தாங்களும் கழற்றினார்கள். சற்று நேரத்தில் என் வாசற்படி திருவிழாக் காலத்துக் கோயில் வாசல்போல் ஆயிற்று.

"இஞ்சேருங்கோப்பா, சங்கத்து ஆக்கள் எல்லாரும் வந்திருக்கினம்," என்றார் மனைவி பின்னிருக்கையிலிருந்து.

"பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். குனியும்."

"வீட்டுக்கு வந்த ஆக்களுக்கு ஒரு வாய் தேத்தண்ணி குடுக்காமல் நாங்கள் பார்க்கில ஒளிச்சிருக்கிறதோ? நாளைக்கு என்ன சொல்லுவினம்?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு எதிராக என்னிடம் ஒருநாளும் வாதம் இருந்ததில்லை. நாங்கள் குடிப்பதற்கென்று கொண்டுவந்த பெரிய பிளாஸ்க்கில் இஞ்சித் தேநீர் இருந்தது. காகிதக் கோப்பைகளும் இருந்தன. அவர் குத்துவிளக்கை என் கையில் தந்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

"நொண்டிக்கொண்டு போம்," என்றேன்.

"எந்தக் கால்?"

"இடது."

தெருவைக் கடக்கும்வரை இடது காலால் நொண்டினார். படலைக் கதவடியில் வலது காலுக்கு மாறினார். வாசலை அடைந்தபோது எந்தக் காலாலும் நொண்டவில்லை. திறந்திருந்த கதவினூடாக, பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு என் மனைவி பதினான்கு படிகளிலும் விறுவிறென்று ஏறி மறைவதை நான் பூங்காவிலிருந்தே கண்டேன்.

பிள்ளையாரிடம் விளக்கை ஒப்படைத்துவிட்டு விரைந்தேன்.

வாசலில், கையில் ஒரு தொடுதிரைப் பலகையோடு, முகவரின் அலுவலகத்துப் புதிய பெண் நின்றார். என்னை அறியாதவர். பெயரும் தொலைபேசி எண்ணும் கேட்டார். இந்தப் பகுதியில் வீடு தேடுகிறீர்களா என்றும் விசாரித்தார். வீட்டுக்காரன் தலைகாட்டக்கூடாது என்று முகவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எனக்குப் பின்னால் பொருளாளரின் மைத்துனர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். இவ்வளவு நேரம் எங்கே ஒளிந்திருந்தேன் என்று விளக்குவதைவிட, தேடுகிறேன் என்று சொல்வது கௌரவமாகப் பட்டது. சொன்னேன். நானும் சப்பாத்தைக் குவியலில் கழற்றினேன். அந்தப் பெண் என் வீட்டின் வரைபடம் அச்சிட்ட தாள் ஒன்றை எனக்குத் தந்து, நன்றாகப் பார்க்கும்படி வாழ்த்தி உள்ளே விட்டார்.

நான் என் வீட்டைப் பார்க்கப் போன வரலாறு இவ்வளவுதான்.

உள்ளே, கோயிற் பெண்களில் ஒருவர் மேலே பார்த்தபடி சொல்லிக்கொண்டிருந்தார்: "அன்ரி பறக்கிறா பாருங்கோ. முழங்கால் ஏலாதெண்டவை?"

இன்னும் இரண்டு நிமிடம் மனைவி மேலே கீழே ஓடினால் முழங்கால் யாருடையது என்ற கேள்வி பிறந்துவிடும். அவரைத் தடுக்கவேண்டும் என்ற ஒரே எண்ணத்தில், தொலைபேசி இல்லாமல், நிற்காமல், பதினான்கு படிகளையும் ஏறினேன். அது எப்படி முடிந்தது என்று இன்றும் அறியேன். நான் மேலே சேர்ந்த கணத்தில், "எல்லாருக்கும் காணாது, கீழ இன்னும் ஆக்கள் நிக்கினம்," என்றபடி அவர் என்னைக் கடந்து கீழே போனார்.

மேலே இருந்தவர்களும் தேநீரைத் தொடர்ந்து கீழே போய்விட்டார்கள். நான் மூச்சு வாங்குவதற்காகப் படுக்கையறைக்குள் நுழைந்தேன். அங்கே, பதினொரு தலையணைகளுக்கும் வைன் கிண்ணங்களுக்கும் நடுவில், எனக்குப் பின் சங்கத்துத் தலைவரானவர் உட்கார்ந்திருந்தார்.

இவரைப் பற்றிச் சொல்லவேண்டும். கல்லூரியில் எனக்கு இரண்டு வகுப்பு இளையவர். எங்கள் அணியின் பந்துகாப்பாளர். ஒரு முக்கியமான ஆட்டத்தில் அவர் விட்ட கோல் பற்றி நாங்கள் அரை நூற்றாண்டாக விவாதித்து வந்திருக்கிறோம். அவர் தலைவராக இருந்தபோது, அவரைக் கேளாமலே நிர்வாகக் குழு சங்கக் கூட்டங்களை மாடியிலுள்ள மண்டபத்துக்கு மாற்றியது; அது சங்கத்தின் யாப்பு விதிகளுக்கு முரணானது என்று நான் எதிர்த்தேன். அது தலைவருடைய அதிகாரத்துக்கு இழுக்கு என்று சொல்லி அவர் பதவியையே துறந்தார். ஒரே தீர்மானத்தை இருவரும் எதிர்த்தும், இரண்டு ஆண்டுகள் பேசாமலிருந்தோம்.

"வாங்கோ அண்ணை," என்றார், தன் வீட்டுக்கு வந்தவனை வரவேற்பதுபோல. பிறகு கிண்ணங்களைப் பார்த்தார். "இதென்ன, வயது போன நேரத்தில?"

"அவை அலங்காரம். உள்ளே ஒன்றுமில்லை."

"பார்த்தனான். ஒண்டுமில்லைத்தான்."

அவர் பார்த்திருக்கிறார். நான் பேச்சை மாற்றி, ஜன்னல் வழியாகத் தெரியும் காட்சியைப் புகழ்ந்தேன். அங்கே தெரிவது பக்கத்து வீட்டின் தண்ணீர்த் தொட்டி. நல்ல தொட்டி என்று அவரும் ஒப்புக்கொண்டார். எதிர்ச் சுவரில் இருந்த தொலைக்காட்சியைச் சுட்டிப் பெரியதாக இருக்கிறதே என்றார், அட்டை என்றேன். அதையும் ஏற்றுக்கொண்டார். எவ்வளவு நேரம் பேசினாலும் அவர் எழுந்திருப்பதாகக் காணோம். அவர் போனால்தானே நான் கதவைச் சாத்திவிட்டு என் முறையில் இறங்கலாம்?

கீழிருந்து முகவரின் குரல் வந்தது. "டைம் ஆச்சு, மேல யாராவது இருந்தா கீழ வந்துருங்க!"

இருவரும் படிக்கட்டின் உச்சிக்கு வந்தோம்.

"நீங்கள் போங்கோ அண்ணை."

"விருந்தாளி முதலில்."

"இல்லையில்லை, மூத்த ஆள் நீங்கள். முன்வரிசையில ஓடின ஆளெல்லோ, முன்னுக்கு இறங்குங்கோ."

"கோல் காத்தவர் நீர். இன்றைக்காவது முன்னுக்கு வந்து நில்லும்."

"அந்தக் கோலை இப்பவும் விடமாட்டியள் என்ன?"

"விட்டது நீர்."

கீழே நடைவழியில் முப்பது பேர் காகிதக் கோப்பைகளோடு நின்றார்கள். நாங்கள் மரியாதைக்காக வழிவிட்டுக்கொள்கிறோம் என்று எண்ணி அன்போடு பார்த்தார்கள். நானும் அவரும் இன்னும் இரண்டு தடவை ஒருவரையொருவர் முன்செல்லுமாறு வற்புறுத்தினோம். அப்போது அவருடைய தொலைபேசி அடித்ததுபோலச் சட்டைப்பையிலிருந்து அதை எடுத்து, காதில் வைத்து, "ஓம், ஓம், சொல்லுங்கோ," என்றபடி கைப்பிடியை இறுகப் பற்றினார். தொலைபேசி அடிக்கவில்லை. திரையில் வெளிச்சமும் இல்லை.

அந்த வித்தை எனக்குத் தெரியும். அதைக் கண்டுபிடித்தவன் நான் மட்டுமே என்று எண்ணியிருந்தேன்.

மெதுவாகக் கேட்டேன். "வீட்டில் எப்படி இறங்குகிறீர்?"

அவர் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அதற்குள்ளேயே பதில் சொல்பவர்போலச் சொன்னார்: "பின்பக்கத்தால, அண்ணை."

"எவ்வளவு காலமாக?"

"மேல் மண்டபம் எடுத்த நாள் தொடக்கம்."

அவருடைய பதவி துறப்பும் என் யாப்புப் பிரச்சினையும் அந்தக் கணத்தில் எனக்குத் தெளிவாக விளங்கின. நான் படுக்கையறைக்குத் திரும்பிப் போய்த் தலையணைகளில் இரண்டை எடுத்துவந்தேன். ஒன்றை அவரிடம் கொடுத்தேன். மூத்தவன் என்ற உரிமையை இம்முறை நானே கோரினேன். பார்க்கிறவர்களின் முதற் பார்வை என்மீது விழுந்து தீரட்டும் என்பது ஒன்றுதான் என் நினைப்பு. மேற்படியில் தலையணையை இட்டேன். உட்கார்ந்தேன். இறங்கத் தொடங்கினேன்.

முப்பது கோப்பைகளும் வாய்க்குப் போகும் வழியில் நின்றன. நான் எவரையும் பார்க்கவில்லை. நான்காம் படியில் எனக்குப் பின்னால் இன்னொரு தலையணை விழும் ஓசை கேட்டது. ஏழாம் படியில் அவர், "அண்ணை, கொஞ்சம் கெதியாப் போங்கோ, கால் முட்டுது," என்றார். பத்தாம் படியில் அவருடைய மனைவி கூட்டத்தினுள்ளிருந்து குரல் கொடுத்தார்.

"எங்கட வீட்டில ஒவ்வொரு நாளும் இந்தக் கூத்துத்தான். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கி வைச்சிருக்கிறார்."

நான் கடைசிப் படியை அடைந்ததும், என் மனைவி கடைசிக் கோப்பைத் தேநீரை என் கையில் தந்தார். பிறகு, எல்லோரும் கேட்கும்படியாகவே கேட்டார்:

"அப்ப இனி நான் ஒழுங்கா நடக்கலாமோ?"

யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு அனைவரும். கோயிற் பெண்களில் ஒருவர், தாம் கொடுத்த தைலத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. இரவில் சூடாக்கிப் பூசினால்தான் பயன் என்று என்னிடம் விளக்கினார். ஆறு ஆண்டுகள் தலைவராக இருந்து நான் காத்துவந்த ஒன்று அந்தத் தரையில் கிடந்தது. ஆனால் அதை யாரும் மிதிக்கவில்லை என்பதையும் இங்கே பதிவுசெய்யக் கடமைப்பட்டிருக்கிறேன். பொருளாளர் குனிந்து, இரண்டு தலையணைகளையும் தட்டி, சோபாவில் நேராக வைத்தார்.

முகவர் மட்டுமே வாசலில் நின்று குவியலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். "அங்கிள், என் சர்வீஸ்ல இவ்ளோ ஷூ நான் பாத்ததே இல்ல. நெஜமாவே வாங்க வந்த ஒரு ஃபேமிலி வெளிய நின்னு அத எண்ணிட்டு இருந்தாங்க." அந்தக் குடும்பம், தங்களுக்கு முன் இத்தனை பேர் போட்டியிடுகிறார்கள் என்று அஞ்சி, திங்கட்கிழமை காலையிலேயே வீட்டைப் பேசி முடித்தது. அவர்களுக்கு வயது முப்பதுக்குச் சற்று மேல். முழங்கால்கள் நன்றாக இருந்தன.

அந்தத் திங்கள் மாலையே தொலைபேசி அடித்தது. பந்துகாப்பாளர்.

"அண்ணை, உங்கட வலது சப்பாத்து என்னட்டை வந்திட்டுது."

அறிவேன். குனிந்து கட்டவேண்டாத, கயிறில்லாத அந்தக் கறுப்புச் சப்பாத்தை இருவரும் வாங்கியிருந்தோம். அவருடைய வலது சப்பாத்து சனிக்கிழமை முதல் என் காலில் சற்றே இறுக்கமாக இருந்தது. குனிந்து பார்க்க இயலாதவர்கள் இருவர் ஒரே குவியலில் தேடினால் இப்படித்தான் முடியும்.

"கொண்டுவந்து தரட்டோ?"

"இங்கே வேண்டாம். வாசலிலும் இரண்டு படி இருக்கிறது. அடுத்த மாதம் லிட்கமுக்கு வாரும். மூன்றாம் மாடி."

"மூன்றாம் மாடியோ?"

"லிப்ட் இருக்கு," என்றேன். "அதே தளத்தில் எங்களுக்கு எதிர்வீடும் விற்பனைக்கு வருகிறதாம். சனிக்கிழமையில் பார்க்க விடுகிறார்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு வாரும்."